ஐப்ராக்ஸில் சனிக்கிழமை நடப்பது முதல் ஹோம் மேட்சா?

வலதுவிங்கர் | திங்கள், ஆகஸ்ட் 13, 2012

இன்று காலை ஒரு வலைப்பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத ரேஞ்சர்ஸ் என்ற புதிய கிளப், வருகிற சனிக்கிழமை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள ஐப்ராக்ஸில் ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷையருக்கு எதிராகத் தன் முதல் ஹோம் மேட்சை ஆடப் போகிறதாம். எழுதிய மகானுக்கு ஐப்ராக்ஸ் மைதானம் எப்போது திறந்தது என்று தெரியுமா? 1899. கிளப் தொடங்கியது 1872. லீக் பட்டங்கள் 54. நூறு வருடத்துக்கு மேலாக அதே மண்ணில் ஆடுகிற அணிக்கு எங்கிருந்து வந்தது முதல் ஹோம் மேட்ச்? கால்பந்து தெரியாதவர்கள் சினிமா விமர்சனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பச்சைக்கோடு | திங்கள்

பதிவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பிப்ரவரி 14-ல் ரேஞ்சர்ஸுக்குள் திவால் நிர்வாகிகள் வந்தார்கள். கடன் கொடுத்தவர்களோடு ஒப்பந்தம் போடப் பார்த்தார்கள், பிரிட்டிஷ் வரித்துறை முடியாது என்றது. ஜூன் 14-ல் கதை முடிந்தது. சார்ல்ஸ் கிரீன் என்ற தொழிலதிபர் 55 லட்சம் பவுண்டுக்கு மைதானம், பெயர் எல்லாவற்றையும் வாங்கி, மே 29-ல் பதிவான செவ்கோ என்ற கம்பெனிக்குள் போட்டார். அதுதான் சனிக்கிழமை ஆடப்போகும் கிளப். வாழ்த்துகள், குழந்தை நன்றாக வளரட்டும்.

ஆஃப்சைடு அண்ணாச்சி | திங்கள்

ரெண்டு பேர் சொல்வதும் தப்பு. கிளப் புதுசா பழசா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. ஆகஸ்ட் 7, செவ்வாய்க்கிழமை, ஐப்ராக்ஸ், லீக் கப், ஈஸ்ட் ஃபைஃபுக்கு எதிராக 4-0. வந்த கூட்டம் 38,160. ஆகவே சனிக்கிழமை நடப்பது இரண்டாவது ஹோம் மேட்ச். விஷயம் இவ்வளவுதான், இதற்கு ஒரு தனி இழை தேவையா?

வலதுவிங்கர் | திங்கள்

அண்ணாச்சி, நான் சொன்னது அது இல்லை. இந்த மே 2-ல்தான் இதே ஐப்ராக்ஸில் டண்டீ யுனைடெட்டை 5-0 என்று அடித்தார்கள். அப்படியிருக்க முதல், இரண்டாவது என்ற எண்ணிக்கையே எப்படி வரும்?

ஆஃப்சைடு அண்ணாச்சி | திங்கள்

வரும். இந்த சீசன் என்று வைத்தாலும் ஈஸ்ட் ஃபைஃப்தான் முதல். புது கிளப் என்று வைத்தாலும் ஈஸ்ட் ஃபைஃப்தான் முதல். எப்படிப் போனாலும் ஈஸ்ட் ஃபைஃபைத் தாண்டாமல் ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷையருக்குப் போக முடியாது.

குட்டி கோல்கீப்பர் | திங்கள்

ரெண்டும் ஒரே டீம் இல்லையா? 😄

ஆஃப்சைடு அண்ணாச்சி | திங்கள்

தம்பி, ஈஸ்ட் ஃபைஃப் செகண்ட் டிவிஷன், மெத்தில் ஊர். ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷையர் தேர்டு டிவிஷன், ஃபால்கர்க் பக்கம். பெயரில் கிழக்கு இருந்தால் எல்லாம் ஒரே டீமா? இந்த லட்சணத்தில் போன உலகக் கோப்பைக்கு என்னோடு பந்தயம் கட்ட வந்தாய்.

குட்டி கோல்கீப்பர் | திங்கள்

அந்தப் பந்தயத்தில் தோற்றது யார் என்று சபைக்குச் சொல்லட்டுமா அண்ணாச்சி?

நடுக்கோடு | செவ்வாய்

ஒரு சின்ன வேண்டுகோள். கிளப் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசிக்கொள்ளலாமே. கம்பெனியா, ஸ்காட்டிஷ் கால்பந்து சங்கத்தின் உறுப்பினர் உரிமையா, இல்லை டிக்கெட் வாங்கி உட்காரும் ஜனமா? உறுப்பினர் உரிமை ஆகஸ்ட் 3-ல் பழைய கம்பெனியிடமிருந்து புதியதற்கு மாற்றப்பட்டது. இதை வைத்துப் பேசினால் பாதி சண்டை குறையும்.

பச்சைக்கோடு | செவ்வாய்

நடுக்கோடு, உங்கள் வகுப்பு முடிந்ததா? ஒரே கிளப்தான் என்றால் ஸ்டீவன் நெய்ஸ்மித், விட்டேக்கர், மெக்ரெகர் எல்லாம் ஒரு பைசா டிரான்ஸ்பர் தொகை இல்லாமல் எப்படிக் கிளம்பிப் போனார்கள்? தங்கள் ஒப்பந்தம் பழைய கிளப்போடுதான் என்று சொல்லித்தானே போனார்கள்? உங்கள் வீரர்களே உங்களை நம்பவில்லை.

வலதுவிங்கர் | செவ்வாய்

அது தொழிலாளர் சட்டம். முதலாளி மாறினால் ஊழியர் வர மறுக்கலாம். வீடு கைமாறினால் கொல்லையில் இருக்கும் கிணறு புதுக்கிணறு ஆகிவிடுமா? லீ மெக்கலக், லீ வாலஸ், நீல் அலெக்சாண்டர் எல்லோரும் தங்கினார்களே, அவர்கள் பெயர் உங்கள் வாயில் வராது. இன்னொன்று: 1872-ல் தொடங்கிய கிளப் கம்பெனியாகப் பதிவானதே 1899-ல்தான். கம்பெனிதான் கிளப் என்றால் அந்த 27 வருடம் ஆடியது யார், ஆவிகளா?

பச்சைக்கோடு | செவ்வாய்

ஆவிகள் இப்போதுதான் ஆடுகின்றன.

கிளாஸ்கோ கதிர் | செவ்வாய்

நண்பர்களே, இந்த ஊரில் வாழ்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே வாரம் முழுக்க ஒரே பேச்சுதான். போன சனிக்கிழமை பீட்டர்ஹெட்டில் 2-2. 90-வது நிமிடத்தில் ஆண்டி லிட்டில் அடிக்காவிட்டால் தோல்வி. பால்மோர் ஒரு சின்ன மைதானம், அங்கே மேனேஜர் மெக்கோய்ஸ்ட் நின்ற முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷையர் ஆட்கள் பகலில் வேறு வேலை பார்க்கும் பகுதிநேர ஆட்டக்காரர்கள். ஒரு காலத்தில் அங்கே வாரச் சம்பளம் பத்து பவுண்டு. அவர்கள் ஐம்பதாயிரம் இருக்கை உள்ள மைதானத்துக்குள் நடந்து வரப்போகிறார்கள். ரேஞ்சர்ஸின் முதல் ஹோம் லீக் மேட்ச், அதுவும் இப்படி ஓர் எதிரணியோடு! இதைப் பற்றிப் பேசாமல் என்னவோ பேசுகிறீர்கள்.

ஆஃப்சைடு அண்ணாச்சி | செவ்வாய்

கதிர், “லீக்” என்று நடுவில் சொருகிவிட்டால் நான் கவனிக்க மாட்டேன் என்று நினைத்தீர்களா? பதிவர் எழுதியது முதல் ஹோம் மேட்ச். லீக் என்ற சொல்லே அங்கே கிடையாது. ஆகஸ்ட் 7-ல் வந்த 38,160 பேரும் என்ன, திருவிழாவுக்கு வந்தவர்களா? டிக்கெட் கிழித்தார்கள், நடுவர் விசில் ஊதினார், நாலு கோல் விழுந்தது. கப் போட்டி என்றால் கணக்கில் வராதா? அப்படியானால் 1967 ஜனவரியில் ரேஞ்சர்ஸ், பெரிக் ரேஞ்சர்ஸ் என்ற சின்ன அணியிடம் 1-0 என்று தோற்றதும் கப் போட்டிதான். அதையும் வரலாற்றிலிருந்து அழித்துவிடலாம். வலதுவிங்கர் சந்தோஷப்படுவார்.

கிளாஸ்கோ கதிர் | செவ்வாய்

நான் மைதானத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறேன் அண்ணாச்சி. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

ஆஃப்சைடு அண்ணாச்சி | செவ்வாய்

காலண்டர் உள்ள வீட்டில்.

டச்லைன் | புதன்

பெரிக் என்றதும் ஒரு சந்தேகம். அந்த ஊர் இங்கிலாந்தில் அல்லவா இருக்கிறது? அது எப்படி ஸ்காட்லாந்து தேர்டு டிவிஷனில்?

குட்டி கோல்கீப்பர் | புதன்

அதைவிட, தேர்டு டிவிஷனை ஏன் நாலாம் அடுக்கு என்கிறார்கள்?

நடுக்கோடு | புதன்

மேலே எஸ்.பி.எல்., அதாவது ஸ்காட்டிஷ் பிரீமியர் லீக், தனி. அதன் கீழே ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு. அதனால் தேர்டு என்பது நாலாம் அடுக்கு. பெரிக் எல்லை ஓரத்து ஊர், ரொம்ப காலமாக ஸ்காட்டிஷ் லீக்கில்தான் ஆடுகிறார்கள். இப்போது கிளப் என்றால் எது என்ற என் கேள்விக்கு...

பச்சைக்கோடு | புதன்

எஸ்.பி.எல். என்றதும் ஞாபகம் வருகிறது. ஜூலை 4-ல் அங்கே மற்ற கிளப்கள் கதவைச் சாத்தின. ஜூலை 13-ல் கீழே இருக்கும் 30 கிளப்களில் 25 கிளப்கள், வா ராஜா, கடைசிப் படியில் உட்கார் என்றன. புதுசாகச் சேர்கிறவர்களைத்தான் கடைசிப் படியில் உட்கார வைப்பார்கள். பழைய கிளப் என்றால் எதற்கு வாக்கெடுப்பு?

வலதுவிங்கர் | புதன்

புதுசு என்றால் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். 2008-ல் கிரெட்னா கிளப் செத்தபோது அதன் ரசிகர்கள் தொடங்கிய கிளப் எங்கே போனது? ஈஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து லீக்குக்கு. லீக்கில் காலியான இடம் அன்னன் அணிக்குப் போனது. ரேஞ்சர்ஸ் அப்படியா போனது? அதோடு, புதுசு என்றால் பழைய கிளப்பின் குற்றத்துக்கு ஒரு வருட டிரான்ஸ்பர் தடையை ஏன் இவர்கள் தலையில் கட்டினார்கள்? தண்டனை வரும்போது பழைய கிளப், பட்டம் என்று வரும்போது புது கிளப். நல்ல நியாயம்.

மிலன் மாமா | புதன்

ஃபியோரென்டினாவுக்கு 2002-ல் இதே கதிதான். பெயர்கூட இல்லாமல் ஃப்ளோரென்சியா வியோலா என்று நாலாம் அடுக்கில் ஆடினார்கள். நபோலி 2004-ல் மூன்றாம் அடுக்கு. இன்று யாராவது நபோலியை எட்டு வயது கிளப் என்கிறார்களா? மரடோனா ஆடியது வேறு கிளப்பா?

பச்சைக்கோடு | புதன்

இத்தாலி வந்துவிட்டது. மிலன் மாமா எந்த இழையில் நுழைந்தாலும் மூன்றாவது வரியில் இத்தாலி.

மிலன் மாமா | புதன்

போன வருடம் நடுவர் ஊழல் விவாதத்தில் பதில் இல்லாமல் ஓடியவர் பேசுகிறார்.

ஆஃப்சைடு அண்ணாச்சி | புதன்

பங்காளிச் சண்டையைத் தனிச்செய்தியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்ட கேள்விக்கு மூன்று நாளாக ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஈஸ்ட் ஃபைஃப் ஆட்டம் நடந்ததா இல்லையா? நபோலி, கிரெட்னா, கிணறு எல்லாம் வந்துவிட்டன, ஈஸ்ட் ஃபைஃப் மட்டும் வரவில்லை. ஈஸ்ட் ஃபைஃப்தான் மொத்தத்தில் முதல் மேட்ச் என்றால் அப்படியும் இல்லை, ஜூலை 29-ல் பிரெக்கின் மைதானத்தில், அந்த வேலிச்செடி நிற்கும் கிளீப் பார்க்கில், கூடுதல் நேரத்தில் 2-1 என்று ஜெயித்தார்கள். அதற்கு ரெண்டே நாள் முன்புதான் தற்காலிக உறுப்பினர் உரிமை கிடைத்தது. ஆகவே மொத்த வரிசை: பிரெக்கின், ஈஸ்ட் ஃபைஃப், பீட்டர்ஹெட், அதன் பிறகு ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷையர். நாலாவது ஆட்டம், அதில் இரண்டாவது ஹோம். யாராவது இதில் ஓர் எண்ணை மாற்றிக் காட்டுங்கள், நான் இந்தத் தளத்தை விட்டே போகிறேன்.

குட்டி கோல்கீப்பர் | புதன்

2010-லும் இதே சபதம் போட்டீர்கள்.

வலதுவிங்கர் | புதன்

எண் எல்லாம் சரிதான் அண்ணாச்சி, ஆனால் அது 1899-லிருந்து எண்ண வேண்டிய வரிசை. அங்கேதான் நீங்கள் பச்சைக்கோட்டுக்குத் துணைபோகிறீர்கள்.

பச்சைக்கோடு | புதன்

அண்ணாச்சி எனக்குத் துணையா? அவர் என் கட்சி என்றால் நான் கட்சி மாறிக்கொள்கிறேன்.

கிளாஸ்கோ கதிர் | வியாழன்

ஒரு நல்ல விஷயம். அலெக்ஸ் ஃபெர்குசன் ஐப்ராக்ஸ் இருக்கும் இதே கோவன் பகுதிப் பையன். ரேஞ்சர்ஸுக்கு ஆடினார். மேனேஜராக முதலில் உட்கார்ந்தது 1974-ல் ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷையரில். சனிக்கிழமை மோதும் ரெண்டு அணியும் அவர் வாழ்க்கையில் இருக்கின்றன. அவர் வேலை பார்த்த ஃபர்ஸ் பார்க் மைதானத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஆஃப்சைடு அண்ணாச்சி | வியாழன்

ஃபர்ஸ் பார்க்கை 2008-லேயே காலி செய்துவிட்டார்கள். இப்போது ஸ்டென்ஹவுஸ்முயர் அணியின் ஓகில்வியூ மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம். நடக்கும் தூரத்தில் இருக்கிறவருக்கு இது தெரியாதா?

கிளாஸ்கோ கதிர் | வியாழன்

தெரியும். பழைய இடத்தைப் பார்க்கும் ஆசை என்றேன். இந்த இழைக்கு இனி வரமாட்டேன்.

கிளாஸ்கோ கதிர் | சனி, ஆகஸ்ட் 18

நண்பர்களே! 5-1! கூட்டம் 49,118! நாலாம் அடுக்கு ஆட்டத்துக்கு உலக சாதனை என்கிறார்கள். செத்துப்போன கிளப்புக்கு இவ்வளவு கூட்டமா, பச்சைக்கோடு?

பச்சைக்கோடு | சனி

துக்கத்துக்குக் கூட்டம் வருவது வழக்கம்தானே. எட்டாம் நாள் காரியத்துக்குப் பீட்டர்ஹெட்டில் டிரா, அதைச் சொல்லவில்லையே.

வலதுவிங்கர் | சனி

செத்ததாக நீங்கள் சொல்லும் பழைய கம்பெனி இன்னும் நிர்வாகிகள் கையில்தான் இருக்கிறது, கலைக்கப்படவே இல்லை. பெயர் மட்டும் மாறியிருக்கிறது. சாவுச் சான்றிதழ் வாங்காமலே காரியம் செய்கிறீர்கள்.

டச்லைன் | ஞாயிறு

உலக சாதனையா? போன வருடம் பிரேசில் நாலாம் பிரிவில் ரெசிஃபே ஊர் சாண்டா குரூஸுக்கு இதைவிடப் பெரிய கூட்டம் வந்ததே?

கிளாஸ்கோ கதிர் | ஞாயிறு

பிரேசில் கணக்கை யார் நம்புவது?

டச்லைன் | ஞாயிறு

ஏன், பிரேசில்காரனுக்கு எண்ணத் தெரியாதா? கிளாஸ்கோவில் குடியேறியதும் தொரை ஆகிவிட்டீர்களா?

மிலன் மாமா | ஞாயிறு

நபோலிக்கும் கீழ் டிவிஷனில் ஐம்பதாயிரம் வந்தது.

டச்லைன் | ஞாயிறு

அது மூன்றாம் அடுக்கு மாமா, இங்கே நாலாம் அடுக்கைப் பற்றிப் பேச்சு.

நடுக்கோடு | ஞாயிறு

சாதனை என்றால் எதை வைத்து என்று முதலில்...

ஆஃப்சைடு அண்ணாச்சி | ஞாயிறு

நடுக்கோடு, ஒரு நிமிடம். 38,160-ஐயும் 49,118-ஐயும் கூட்டினால் 87,278. ரெண்டு ஹோம் மேட்சுக்கு. ரெண்டு. அடுத்த ஞாயிறு பெரிக் ஊரில் ஆட்டம், 1967 பற்றித் தனி இழை நான்தான் தொடங்குவேன், வேறு யாரும் கை வைக்க வேண்டாம்.

குட்டி கோல்கீப்பர் | ஞாயிறு

ஏற்கெனவே தொடங்கிவிட்டேன் அண்ணாச்சி. தலைப்பில் பெரிக்கை ஸ்காட்லாந்து ஊர் என்று போட்டிருக்கிறேன், வந்து திட்டுங்கள்.