தலையை ஆட்டினா சரின்னு அர்த்தமா?

பஸ்பயணி:
வடக்கேயிருந்து வேலைக்கு வர்றவங்க முதல்ல தடுமாறுறது கண்டக்டர்கிட்டதான். "தாம்பரம் போகுமா?" என்று கேட்டால் அவர் பேச மாட்டார். வாயில் விசில், கையில் சில்லறை. தலை ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும், அவ்வளவுதான். ஏறிக்கலாம். போகாது என்றால் முகம் இடவலமாகத் திரும்பும், கூடவே நாக்கில் ஒரு "ச்சு". அடையாளம் மூக்கில் இருக்கிறது. மூக்கு உங்களைப் பார்த்தபடியே இருக்க, உச்சந்தலை மட்டும் சாய்ந்தால் ஆமாம். மூக்கே திரும்பினால் இல்லை. மோவாயை ஒரு வெட்டு மேலே தூக்கினால் அது பதிலே இல்லை, "என்ன வேணும்?" என்ற கேள்வி.

கடைத்தெரு:
வேகத்தையும் சேர்த்துப் பாருங்க. ஒரே ஒரு சாய்வு என்றால் ஒப்புக்கொண்டாச்சு. கடகடவென்று நாலைந்து முறை ஆடினால் "புரியுது, மேல சொல்லு", சம்மதம் இன்னும் வரவில்லை. மெதுவாக ஆடி, கண் வேறெங்கோ போனால் "பார்க்கலாம்", அதாவது நடக்காது. "வெள்ளிக்கிழமை கட்டில் ரெடியாயிடுமா?" என்று ஆசாரியைக் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது இந்த மூன்றாவதுதான். அவர் ஏமாற்றவில்லை, முகத்துக்கு நேரே முடியாதுன்னு சொல்ல மனசு வரலை. "என்னைக்கு வந்து எடுத்துக்கட்டும்?" என்று கேளுங்க. அதுக்குத் தலை மட்டும் போதாது, வாயைத் திறந்தாகணும்.

நட்டுவாங்கம்:
பழைய நாட்டிய இலக்கண நூல்களில், அபிநய தர்ப்பணத்தில் தலையசைவு 9, நாட்டிய சாஸ்திரத்தில் 13. தர்ப்பணத்தில் மேலும் கீழும் ஆட்டுவது கம்பிதம். அதை "ஆமாம்" என்று பிடிக்கிற பிள்ளைகள் நிறைய. ஆனால் அங்கே அதற்குச் சொன்ன பயன்கள் கோபம், "நில்" என்பது, கேள்வி, அருகே அழைப்பது, மிரட்டல். சாமரம் வீசுகிற மாதிரி இருபுறமும் போவது பரிவாகிதம். மோகம், பிரிவு, துதி, மகிழ்ச்சி இவற்றோடு ஆமோதிப்பும் அதில்தான் வருகிறது. கண்டக்டர் சாய்வுக்குச் சொந்தக்காரர் யார்னு தெரியுதா! "இல்லை" என்பதற்கு துதம். அதில் முகம் திரும்ப வேண்டும், கழுத்து வளையக் கூடாது. அவசரத்தில் தோளும் சேர்ந்து திரும்பினால் மறுப்பு காணாமல் போய், யாரையோ தேடுகிற மாதிரி ஆகிவிடும்.

தனிஆவர்த்தனம்:
கச்சேரி மேடையில் தலையசைப்புதான் டிராபிக் போலீஸ். ஸ்வரம் முடிந்து பாடகர் மிருதங்கத்துப் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தால் தனி, அதாவது தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற பகுதி, ஆரம்பம். கூட கடமோ கஞ்சிராவோ இருந்தால் மிருதங்கக்காரரின் தலையசைப்புதான் "இனி நீங்க". அதைச் சமத்தில், அதாவது தாளச் சுற்று தொடங்குகிற இடத்தில், கொடுத்தால் காலதாமதம். ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 8 அட்சரம் (எண்ணிக்கை), கடைசி இரண்டு அட்சரத்துக்குள்ளேயே கண் பார்த்துக் கொடுத்துடணும். இல்லைன்னா அடுத்தவர் ஆவர்த்தனத்தின் தலையை விட்டுவிட்டு நடுவில் நுழைவார். குறைப்பில், அதாவது மாறி மாறி வாசிக்கிற கட்டத்தில், சுற்று சிறுத்துக்கொண்டே போவதால் இந்தத் தப்பு இன்னும் பளிச்சென்று தெரியும். முன்வரிசை ரசிகர் "பேஷ்" என்று ஆட்டுவது வேறு கணக்கு. அதைப் பார்த்து வாசித்தால் முடிக்க வாசிக்கிற கோர்வை நீண்டுகொண்டே போகும்.

ஏற்றுமதி:
வெளியூர் போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜப்பானில் எதிரே இருப்பவர் பேசப் பேசத் தலையசைத்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கு ஐசூச்சி என்று பெயர். "கேட்டுட்டிருக்கேன்" என்பதைத் தாண்டி அதில் ஒன்றுமில்லை, விலை படிந்துவிட்டது என்று நினைத்து பில் போட்டுடாதீங்க. கிரீஸிலும் துருக்கியிலும் தலையைப் பின்னால் ஒரு சொடுக்குச் சொடுக்கினால் "இல்லை". பல்கேரியாவில் இன்னும் வம்பு, மேலும் கீழும் ஆட்டினால் இல்லை, இடவலமாக ஆட்டினால் ஆமாம். வெளிநாட்டுக்காரரிடம் சிலர் நமக்காக மாற்றியும் ஆட்டுவார்கள், அதனால் தலையை நம்பாமல் சொல்லைக் கேளுங்க: "டா" ஆமாம், "நே" இல்லை. எல்லை தாண்டி கிரீஸ் போனதும் இதை மறந்துடணும், அங்கே "நே" என்றால் ஆமாம்.