சுரண்டாமல் ஒரு சிலிண்டர் ஹெட்: டிராக் பந்தய விதிகளுக்குள் வேலை செய்த அனுபவங்கள்

டெட்ராய்ட்டிலிருந்து:

சென்ற ஆண்டு கோடையில் எங்களை மூன்று வாரம் தூங்கவிடாமல் செய்தது 0.3 சிசி. ஆறு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். 1969ஆம் ஆண்டு கமாரோ கார் ஒன்றை டிராக் பந்தயத்தில், அதாவது இரண்டிரண்டு கார்களாக நேர்கோட்டில் சீறும் பந்தயத்தில், ஓட்டுகிறார். அமெரிக்காவில் அதை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் ஸ்டாக் எலிமினேட்டர் பிரிவு அவருடையது; தொழிற்சாலையில் வந்த எஞ்சினை அதிகம் மாற்றாமல் ஓட்ட வேண்டிய பிரிவு. நான்கு ஆண்டுகளாக என் சனிக்கிழமைகள் அவருடைய கொட்டகையில்தான் கழிகின்றன. அங்கே போகும்வரை, பந்தய எஞ்சின் என்றால் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் போர்ட்டுகளை, அதாவது காற்று போய்வரும் வழிகளை, அரைத்துப் பெரிதாக்குவதுதான் முதல் வேலை என்று நினைத்திருந்தேன். அவர் முதல் நாளே விதிப்புத்தகத்தை என் கையில் கொடுத்து, “இதைப் படித்துவிட்டு வந்து ஸ்பேனரைத் தொடு” என்றார்.

ஸ்டாக் பிரிவில் போர்ட்டை அரைக்கக் கூடாது, மெருகேற்றக் கூடாது, அமிலம் ஊற்றக் கூடாது. அந்த ஆண்டில் அந்தக் குதிரைத்திறனுக்கு உரிய வார்ப்பு எண் (எந்த வார்ப்பு என்று காட்டும் எண்) ஹெட்டில் இருக்க வேண்டும், அல்லது அமைப்பு ஏற்றுக்கொண்ட மாற்று வார்ப்பாக இருக்க வேண்டும். எரியறை சிறிதானால் அழுத்தமும் திறனும் கூடும் என்பதால், அதன் கொள்ளளவு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில், வால்வு திறந்திருக்கும் காலத்தை மாற்றலாம். வால்வு எழும் உயரத்தை மாற்ற முடியாது. இவ்வளவு தடைக்குப் பிறகு என்ன மிச்சம் என்று கேட்டேன். வால்வு சீட், அதாவது மூடும்போது வால்வு உட்காரும் விளிம்பு, மிச்சம் என்றார்.

அதன் பொருள் எனக்குப் புரிய ஓர் ஆண்டு ஆனது. வால்வு தன் உச்ச உயரத்தை ஒரு சுற்றில் ஒரு முறைதான் தொடுகிறது. தாழ்வான உயரங்களையோ ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை எனக் கடக்கிறது. உச்சத்தை விதி கட்டிவைத்திருப்பதால், வால்வு சற்றே திறந்த நிலையில் காற்று எவ்வளவு தாராளமாக உள்ளே வருகிறது என்பதில்தான் போட்டியே நடக்கிறது. 45 பாகைச் சீட்டுக்கு மேலும் கீழும் எந்தக் கோணத்தில் வெட்டுவது, எவ்வளவு அகலம் விடுவது என்று அவர் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஹெட்டைக் காற்றோட்ட மேசையில் (ஹெட் வழியாக எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கும் கருவியில்) ஏற்றி 28 அங்குல நீரழுத்தத்தில் அளந்து குறித்துக்கொள்வார். பழைய கணக்குப்பிள்ளையின் பேரேடு மாதிரி அவரிடம் நோட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

இனி அந்த 0.3 சிசி. வால்வு சீட் வேலை முடிந்ததும் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவ ஒரு பட்டறையில் கொடுத்தோம். இந்த வகை ஹெட்டில் சுமார் 0.16 மில்லிமீட்டர் சீவினால் எரியறையில் 1 சிசி குறையும். குறைந்தபட்ச அளவுக்கு 0.2 சிசி மேலே நிற்கும்படி கணக்குக் கொடுத்திருந்தோம். திரும்பி வந்ததும் கண்ணாடித் தகட்டை வைத்து, கிரீஸ் தடவி, அறையின் கொள்ளளவை அளக்க, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து நீலத் திரவத்தை இறக்கினோம். முன்பக்கம் இரண்டு அறைகளும் சரி. மூன்றாவது அறை மயிரிழையில் தேறியது. பின்கோடியில் இருக்கும் நான்காவது அறை, எஞ்சின் எண்ணிக்கையில் ஏழாவது சிலிண்டருடையது, குறைந்தபட்சத்துக்கு 0.3 சிசி கீழே. ஹெட்டை இயந்திரத்தில் சற்றே சாய்வாகப் பூட்டிவிட்டார்கள்.

அரைக்கும் கல்லை எடுத்து அறைச் சுவரில் ஒரு நொடி காட்டினால் 0.3 சிசி வந்துவிடும். நானே அதைச் சொன்னேன். பெரியவர் கோபப்படவில்லை, கருவிப் பெட்டியைச் சாத்திவிட்டு, “இன்று போதும், வீட்டுக்குப் போ” என்றார். அந்த மாலை அவமானமாக இருந்தது.

அடுத்த வாரம் அவரே வழியைக் காட்டினார். சீட்டை வெட்ட அனுமதி உண்டு. உள்ளிழுக்கும் வால்வின் விட்டம் 1.94 அங்குலம், வெளியேற்றும் வால்வு 1.50 அங்குலம். இரண்டையும் 0.1 மில்லிமீட்டர் கீழே இறக்கி உட்காரவைத்தால் அறையில் ஏறத்தாழ 0.3 சிசி கூடும். எங்களுக்கு அதற்கும் கொஞ்சம் மேலே தேவைப்பட்டது. இதற்கு விலை உண்டு: வால்வு உள்ளே புதைந்தால் தாழ்வான உயரத்தில் காற்று குறையும். வால்வின் தண்டு மறுபக்கம் அதே அளவு உயர்வதால் ஸ்பிரிங்கின் அடியில் வாஷர் வைத்து அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். மாதக்கணக்கில் சேர்த்த காற்றில் ஒரு பங்கை ஏழாவது சிலிண்டரில் விட்டுக்கொடுத்தோம்.

இண்டியானாபொலிஸில் செப்டம்பர் தொடக்கத்து தொழிலாளர் தின வார இறுதியில் நடக்கும் யு.எஸ். நேஷனல்ஸ் போட்டிக்குப் போனோம். 1961 முதல் அந்தப் போட்டி அங்கேதான் நடக்கிறது. வழக்கமான சுற்றுகளில் மெதுவான காருக்கு முன்கூட்டியே பச்சை விளக்கு கிடைக்கும். அங்கே ஒரே வகுப்புக் கார்கள் மட்டும் மோதும் வகுப்புச் சுற்றில் அந்தச் சலுகை கிடையாது, இரண்டு கார்களும் ஒரே நேரத்தில் புறப்படும். வகுப்பை வென்றோம். வென்றவரின் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆய்வாளர் எங்கள் பியூரெட்டைத் தொடவில்லை, தன்னுடையதைக் கொண்டுவந்தார். எந்த அறையை அளப்பார் என்று தெரியாது. பின்கோடிக்குத்தான் போனார். திரவம் கண்ணாடியைத் தொட்டு, கடைசிக் காற்றுக் குமிழி துளை வழியாக வெளியேறும்வரை நான் பெரியவரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆய்வாளர் எண்ணை எழுதிக்கொண்டு, “மூடிக்கொள்ளலாம்” என்றார்.

சென்னையிலிருந்து:

டெட்ராய்ட் அண்ணனுக்கு வணக்கம். நான் இருங்காட்டுக்கோட்டையில் தேசிய டிராக் போட்டியைப் பார்த்துவிட்டு ஆசை பற்றிக்கொண்டவன். என்னுடையது யமஹா ஆர்எக்ஸ் 100. டூ-ஸ்ட்ரோக் என்பதால் ஹெட்டில் வால்வே கிடையாது. ஆனால் உங்கள் 0.3 சிசியைப் படித்ததும் என் தவறு நினைவுக்கு வந்தது.

நான் கலந்துகொண்ட சிறிய போட்டியில் சிலிண்டரைப் பெரிதாக்கத் தடை, ஹெட்டைச் சீவலாம். சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் சீவினால் கிட்டத்தட்ட 1 சிசி குறையும் என்று கணக்குப் போட்டு லேத் பட்டறையில் கொடுத்தேன். வந்ததை அளக்காமல் பூட்டினேன். அவர்கள் 0.8 சீவியிருந்தார்கள். முதல் ஓட்டத்தில் வண்டி பறந்தது, இரண்டாவதில் உச்ச வேகத்தில் ஒரு சிணுங்கல் சத்தம். பிரித்தால் பிஸ்டனின் விளிம்பில் வெள்ளியாய் ஒரு பிறை. அதிவேகத்தில் கனெக்டிங் ராடு இழுபட்டு, பிஸ்டன் ஹெட்டை முத்தமிட்டிருந்தது.

இப்போது பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை அறிய, ஈயப்பற்றுக் கம்பியை பிளக் துளை வழியாக விட்டு, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய முனையை மைக்ரோமீட்டரில் அளக்கிறேன். பிஸ்டன் பின் இருக்கும் திசையில் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். மற்ற திசையில் பிஸ்டன் சாய்ந்து கொடுப்பதால் கணக்குப் பொய்யாகிவிடும். இந்த இடைவெளியில் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே நான் போவதில்லை.

ஒஹையோவிலிருந்து:

பட்டறைக்காரனாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு வாடிக்கையாளர் இரும்பு ஹெட்டைக் கொண்டுவந்து, போர்ட்டில் அமிலம் ஊற்றி அரித்துத் தரக் கேட்டார். கல் பட்ட கோடு தெரியாது, வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்கும் என்பது அவர் வாதம். மறுத்துவிட்டேன். வார்ப்பு அச்சுகள் சேரும் இடத்தில் இரும்பு மெல்லிய வரம்பாக நிற்கும். அமிலம் முதலில் தின்பது அந்த வரம்பைத்தான். விளக்கடித்துப் பார்க்கத் தெரிந்த ஆய்வாளருக்கு அது இல்லாததே போதும். போர்ட்டின் கொள்ளளவையும் திரவம் ஊற்றி அளக்கலாம்.

சட்டப்படி நல்ல போர்ட் வேண்டுமென்றால் தேடுங்கள். ஒரே வார்ப்பு எண்ணில் வந்த ஹெட்டுகளிலும் வார்க்கும்போது போர்ட்டின் வடிவத்தைத் தரும் மணல் கரு நகர்ந்ததால் போர்ட்டுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பழைய இரும்புக் கடைகளில் இருபது ஹெட்டுகளைத் தூக்கிப் பார்த்து ஒன்றை வாங்கியிருக்கிறேன். முதுகுவலி இன்னும் இருக்கிறது, அந்த ஹெட்டும் இருக்கிறது.

சென்னையிலிருந்து:

அண்ணா, பியூரெட்டில் என்ன திரவம் ஊற்றுகிறீர்கள்? தண்ணீர் ஊற்றினால் மூலைகளில் குமிழி நிற்கிறது.

டெட்ராய்ட்டிலிருந்து:

கார் கண்ணாடி கழுவும் நீலத் திரவம்தான், தம்பி. அதில் ஆல்கஹால் இருப்பதால் மூலைமுடுக்கெல்லாம் பரவும், நிறமும் தெளிவாகத் தெரியும். ஹெட்டைச் சற்றே சாய்த்து, தகட்டின் துளை மேட்டுப் பக்கம் இருக்கும்படி வையுங்கள். ஓட்டத்தில் போடப்போகும் அதே பிளக்கைப் பூட்டிவிட்டு அளங்கள்; பிளக்கின் முனை மாறினாலே எண் மாறும். அளந்த பிறகு இரும்பை உடனே துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள், இல்லையென்றால் காலையில் சீட்டில் துரு இருக்கும்.