'வெளிப்பாடு' வேண்டாம், 'உட்பாடு' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். எலிகளில் காஃபீனின் விளைவு பற்றிய கட்டுரையைத் தமிழில் எழுதுகையில், 'early-life caffeine exposure' என்பதற்கு என்ன சொல் வைப்பது என்பதே பேச்சு. நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்:

> 'இளமைக்காலக் காஃபீன் வெளிப்பாடு' என்றே வைத்துக்கொள்ளலாமே? அகராதியிலும் அதுதானே இருக்கிறது?

இருக்கிறதுதான். ஆனால் அதே கட்டுரையில் இரண்டு பத்தி தள்ளி 'மரபணு வெளிப்பாடு' வருகிறதே! அங்கே உள்ளிருப்பது வெளியே தெரியவருகிறது. இங்கே வெளியிலிருக்கும் பொருள் உடலுக்குள் போகிறது. வரைவைப் படித்த என் மனைவி, "எலிக்குக் காப்பியா வேர்க்கிறது?" என்று கேட்டுவிட்டார்.

'உட்கொள்ளல்' என்பதும் எனக்கு ஒட்டவில்லை. 2013இல் வந்த சுண்டெலி ஆய்வில் காஃபீன் கலந்த தண்ணீரைக் குடித்தது தாய்தான். குட்டிக்கு அது கருவிலேயே போய்ச் சேர்ந்தது, அப்புறம் பாலிலும். மற்ற நரம்பணுக்களின் வேகத்தை அடக்கும் காபா (GABA) நரம்பணுக்கள் மூளையில் தம் இடத்துக்குப் போய்ச் சேரத் தாமதமாயிற்று. குட்டிகளுக்கு வலிப்பு எளிதில் வந்தது. வளர்ந்தபின் நினைவுச் சோதனைகளில் பின்தங்கின. இதில் குட்டி 'உட்கொண்டது' என்று எப்படி எழுதுவது?

ஆகவே 'உட்பாடு' என்கிறேன். ஈடுபடு, ஈடுபாடு, கட்டுப்படு, கட்டுப்பாடு, அந்த வழியில் உட்படு, உட்பாடு. இன்னொரு வசதியும் உண்டு. கொடுத்த மருந்தின் அளவு வேறு, உடல் அதற்கு உட்பட்டுக் கிடந்த காலம் வேறு. உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையப் பெரியவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம் போதும். பிறந்த குழந்தைக்கு 3, 4 நாள்கூட ஆகும். அளவைக் குறிக்கும் சொல்லை வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது.

சரி, 'இளமைக்கால'? எலியின் இளமைப் பெயர் 'குட்டி' என்று தொல்காப்பிய மரபியலே சொல்லிவிட்டதால் 'குட்டிப்பருவம்' கைவசம் இருக்கிறது. ஆனால் அது கருவைத் தொடாது. அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆய்வில், பிறந்த 28ஆம் நாளிலிருந்துதான் எலிகளுக்குக் காஃபீன் கொடுத்தார்கள். வளர்ந்தபின் அவற்றிடம் பதற்றம் கூடியிருந்தது. பால்குடி மறந்து ஒரு வாரமான எலியைக் குட்டி என்பதா? விடலை என்பேன். கருக்கால உட்பாடு, குட்டிப்பருவ உட்பாடு, விடலைப்பருவ உட்பாடு என்று பிரித்தே எழுதுவோம். மூன்றையும் ஒரே பெயரில் அடைத்தால் எந்த ஆய்வு எதைச் சொல்கிறது என்பதே குழம்பிவிடும்.

ஒரே பயம்: அச்சுக்குப் போகும்போது யாராவது 'உடன்பாடு' என்று திருத்திவிட்டால், எலிகள் கையெழுத்துப் போட்டதாகிவிடும். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.