அவசரம்: 300 யார்டில் ஒன்றுமே படவில்லை, எந்தத் தோட்டா வாங்குவது?

கொலராடோ_புதியவன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை தெற்கு டகோட்டா போகிறேன். என்னுடன் வேலை பார்ப்பவரின் அப்பாவுக்கு அங்கே மாட்டுப் பண்ணை இருக்கிறது, மேய்ச்சல் நிலம் முழுக்க பிரெய்ரி டாக் என்ற சிறு பிராணி வளை தோண்டிப் புல்லை அழிக்கிறதாம், வந்து சுட்டுக் கொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். போன மாதம்தான் ஒரு 22 துப்பாக்கி (குண்டின் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) வாங்கினேன். நேற்று ரேஞ்சில் சுட்டுப் பார்த்தால் 100 யார்டிலேயே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகிறது, 300-இல் பலகையிலேயே படவில்லை. இத்தனைக்கும் காற்றுக்குத் தாங்கட்டும் என்று கனமான குண்டுதான் போட்டேன். தோட்டாவை மாற்றவா, துப்பாக்கியையே மாற்றவா? சீக்கிரம் சொல்லுங்கள்.

மண்வாசம்77:
தம்பி, 22 என்றால் எந்த 22? .22 எல்ஆர் (சிறிய, வேகம் குறைந்த தோட்டா) என்றால் 300 யார்டில் குண்டு ஆள் உயரத்துக்கும் மேல் இறங்கிவிடும், பலகையில் படாததில் வியப்பே இல்லை. .223 ரெமிங்டன், .22-250, .220 ஸ்விஃப்ட் மூன்றுக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான், 0.224 அங்குலம், ஆனால் பின்னால் இருக்கும் வெடிமருந்து வேறு, வேகம் வேறு. பேரலில் (குழலில்) என்ன பொறித்திருக்கிறது, தோட்டா டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது, இரண்டையும் அப்படியே எழுது.

டெக்சாஸ்_கரிசல்:
ஸ்கோப்பை, அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கியை, பிடித்திருக்கும் வளையங்களைப் பார்த்தீர்களா? புதிதாக வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் கோளாறு. என் முதல் துப்பாக்கியில் ஒரு திருகு தளர்ந்திருந்தது தெரியாமல் நான்கு டப்பா தோட்டாவைக் காலி செய்தேன். டார்க் ரெஞ்ச் (திருகை அளவாக முடுக்கும் கருவி) வாங்கி, அடிப்பலகையிலிருந்து எல்லாத் திருகையும் கழற்றி மறுபடி முடுக்குங்கள்.

பழைய_வேட்டைக்காரன்:
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? துப்பாக்கியின் பெயர் தெரியாமல், குண்டின் எடை சொல்லாமல், "எந்தத் தோட்டா" என்று கேட்டால் என்ன சொல்ல முடியும்? முதலில் .22 எல்ஆர் வைத்து ஒரு வருடம் 50 யார்டில் மூச்சையும் விசையையும் பழகுங்கள். 300 யார்டு அதற்கப்புறம். பழகிய பிறகு வாங்குவதானால் .220 ஸ்விஃப்ட். 1935-இல் வின்செஸ்டர் கொண்டுவந்தபோதே 48 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டை நொடிக்கு 4,110 அடி வேகத்தில் தள்ளியது. அதற்கு அப்புறம் வந்தவையெல்லாம் அதைத் துரத்திக்கொண்டிருக்கின்றன.

கொலராடோ_புதியவன்:
மன்னிக்கவும், பேரலில் .22-250 ரெமிங்டன் என்று இருக்கிறது. கடையில் பழைய துப்பாக்கி அடுக்கிலிருந்து எடுத்தது, கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன். ஸ்கோப் கடைக்காரரே மாட்டிக் கொடுத்தார்.

வயோமிங்_காற்று:
நல்ல தோட்டாதான், கவலை வேண்டாம். .250 சாவேஜ் என்ற பழைய தோட்டாவின் பித்தளைக் கூட்டை 22 குண்டுக்குக் குறுக்கி ஆட்கள் வீட்டிலேயே செய்துகொண்டிருந்ததை 1965-இல் ரெமிங்டன் தன் பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. 50 கிரெயின் குண்டு 3,800 அடி வேகத்தில் போகும், பிரெய்ரி டாக்குக்கு இதற்கு மேல் வேகம் தேவையில்லை. ஒன்று கேட்கிறேன், கடையில் வாங்கிய தோட்டாவா, யாராவது கையால் மருந்து நிரப்பிக் கொடுத்ததா? கனமான குண்டு என்றால் எத்தனை கிரெயின்?

ஒஹாயோ_நெய்தல்:
பேரலுக்குள் செம்பு படிந்திருக்கும். பழைய அடுக்கில் கிடந்த .22-250 என்றால் அப்படித்தான் இருக்கும், இவ்வளவு வேகத்தில் போகும் குண்டு தன் செம்பு உறையைக் குழலில் பூசிக்கொண்டே போகும். செம்பு கரைக்கும் திரவம் ஊற்றி, துணி நீலமாக வருவது நிற்கும்வரை தேய்த்துவிட்டு மறுபடி சுட்டுப் பாருங்கள்.

இடாஹோ_மருதன்:
எல்லோரும் .22-ஐயே சுற்றுகிறீர்கள். 300, 400 யார்டு என்றால் பேச வேண்டியது காற்றைப் பற்றி. தெற்கு டகோட்டாவின் மேற்குப் பக்கம் மரமே கிடையாது, காற்று நிற்காது. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 400 யார்டில் .223-இன் 55 கிரெயின் வி-மேக்ஸ் (ஹார்னடி கம்பெனிக் குண்டு) ஏறக்குறைய 20 அங்குலம் ஒதுங்கும். .22-250-இன் 50 கிரெயின் 18 அங்குலம். அவ்வளவு மருந்து எரித்துக் கிடைத்தது 2 அங்குலம்தான். .243 வின்செஸ்டரில் 87 கிரெயின் வி-மேக்ஸ் போட்டால் 12 அங்குலம். குண்டு காற்றை எவ்வளவு நன்றாகக் கிழிக்கிறது என்பதற்கான எண்தான் காரணம், அந்த 87-க்கு 0.400, 55 கிரெயினுக்கு 0.255. துப்பாக்கியை மாற்றலாமா என்று தம்பி கேட்டதற்கு என் பதில், ஆம், .243.

வயோமிங்_காற்று:
கணக்கு சரி மருதன், ஆனால் ஒரு நாளில் 200 தோட்டா சுடும் இடத்தில் .243-இன் உதை என்ன செய்யும் என்று பாருங்கள். சுடும்போது ஸ்கோப் எகிறினால் குண்டு எங்கே புழுதி கிளப்பியது என்று தெரியாது, தெரியாவிட்டால் அடுத்ததைத் திருத்த முடியாது. நான் பையில் இரண்டு எடுத்துப்போகிறேன். 250 யார்டு வரைக்கும் .223, அது பேரலையும் சீக்கிரம் சூடாக்காது. தூரத்துக்கு மட்டும் .22-250.

மண்வாசம்77:
தம்பி இன்னும் எடை சொல்லவில்லை. தாளில் ஓட்டைகள் எப்படி இருக்கின்றன, வட்டமாகவா?

பழைய_வேட்டைக்காரன்:
எடை சொல்லத் தெரியாதவர் 400 யார்டு பேசுகிறார்.

கொலராடோ_புதியவன்:
69 கிரெயின், முனையில் சிறு துளை உள்ளது. ஆபீஸ் நண்பரிடம் இன்னொரு .22-250 இருக்கிறது, அதற்காக அவரே நிரப்பியது. அவருடையதில் ஐந்தும் ஒரே இடத்தில் விழும் என்று 40 தோட்டா கொடுத்தார். ஓட்டை பற்றிக் கேட்ட பிறகுதான் தாளை எடுத்துப் பார்த்தேன். நாலைந்து ஓட்டை நீளமாக இருக்கிறது, சாவித் துவாரம் மாதிரி. இது முக்கியமா?

மண்வாசம்77:
அதுதான் முக்கியம், முதல் வரியில் வந்திருக்க வேண்டியது. குண்டு நேராகப் போகாமல் குறுக்காகப் புரண்டுகொண்டே தாளைக் கிழித்திருக்கிறது. பம்பரம் போதுமான வேகத்தில் சுற்றாவிட்டால் தள்ளாடும் அல்லவா, அதேதான். ஸ்கோப்பும் இல்லை, செம்பும் இல்லை, உன் கையும் இல்லை.

குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டியிருக்கும் முறுக்கு எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்து .22-250 பேரல்கள் பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு ஒன்று, 55 கிரெயின் வரைக்குமான குண்டை நினைத்துச் செய்தவை. உன் நண்பர் பேரல் 8 அல்லது 9 ஆக இருக்கும், அதனால்தான் அவருக்கு 69 ஒழுங்காகப் போகிறது. உண்மையில் எடை இல்லை, நீளம்தான் கணக்கு. குண்டு நீளமாக ஆக வேகமாகச் சுழல வேண்டும். கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் 1879-லேயே இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார், அப்போது பீரங்கிக் குண்டுக்கு.

பெரிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 1955-இல் ரெமிங்டன் .244 என்று ஒன்றைக் கொண்டுவந்து 12 அங்குல முறுக்கு வைத்தது, வார்மின்ட் (பயிர், புல்லை அழிக்கும் சிறு பிராணி) சுடும் லேசான குண்டுக்கு அது போதும் என்று. அதே வருடம் வின்செஸ்டர் .243-க்கு 10 வைத்தது. மான் வேட்டைக்காரர்கள் 100 கிரெயின் கேட்டார்கள், .244-இல் அது நிலையாகப் போகவில்லை, எல்லோரும் .243 பக்கம் போய்விட்டார்கள். பின்னால் 6 எம்எம் ரெமிங்டன் என்று பெயர் மாற்றி 9 அங்குல முறுக்கு வைத்தும் விட்டதைப் பிடிக்க முடியவில்லை.

உன்னுடையது எத்தனை என்று அளந்துவிடு. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார். துடைக்கும் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி வாய்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் உள்ளே விடு, கைப்பிடி தானாகச் சுழலும் வகையாக இருக்க வேண்டும். கம்பியில் பேனாவால் மேலே ஒரு புள்ளி, பேரல் வாய்க்கு நேராக இன்னொரு கோடு. புள்ளி ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்வரை தள்ளி, வாய்க்கு நேராக மறுபடி கோடு போடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் எத்தனை அங்குலமோ அதுதான்.

வயோமிங்_காற்று:
மண்வாசம் அண்ணன் சொன்னதில் இரண்டு சேர்க்கிறேன். ஒன்று, ஒருவர் தன் துப்பாக்கிக்கு நிரப்பிய தோட்டாவை இன்னொன்றில் சுடவே கூடாது. அவர் குழலில் அடங்கும் அழுத்தம் உங்கள் குழலில் எகிறலாம். குறுக்காகக் கிழித்ததோடு போயிற்றே என்று நினையுங்கள். மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு, அந்த 69 கிரெயின் தாளில் சுடும் போட்டிக் குண்டு. இவ்வளவு சிறிய உடலில் விரியாமல் துளைத்துக்கொண்டு போய்விடலாம், விலங்கு காயத்தோடு வளைக்குள் போய்த் தவிக்கும். வி-மேக்ஸ், சியரா பிளிட்ஸ்கிங், நோஸ்லர் வார்மின்ட் மாதிரி மெல்லிய உறை உள்ளவை பட்ட இடத்திலேயே உடைந்துவிடும், சாவு உடனே. தரையில் பட்டாலும் தூளாகும், எகிறிப் போய்ப் பண்ணை மாட்டின் மேல் விழும் ஆபத்து குறைவு. முழு உறை போட்ட ராணுவக் குண்டை அந்தக் காய்ந்த தரையில் தொடவே வேண்டாம்.

ஒஹாயோ_நெய்தல்:
பேரலைச் சுத்தம் செய்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே, அதையும் செய்யச் சொல்கிறேன்.

கடல்_கடந்தவள்:
இவ்வளவு பேரும் குண்டு பற்றியே பேசுகிறீர்கள். சாப்பிடாத உயிரை 400 யார்டிலிருந்து சுடுவது எதற்கு? அது நாயும் இல்லை, அணில் குடும்பத்துப் பிராணி. கறுங்கால் ஃபெரெட் என்ற பிராணியின் சாப்பாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் இதுதான். அந்த ஃபெரெட் அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தபோது 1981-இல் வயோமிங்கின் மீட்டீட்சியில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. கடைசியில் மிஞ்சிய 18-ஐப் பிடித்துக் கூண்டில் வளர்த்துப் பெருக்கினார்கள். வளை ஆந்தையும் இந்த வளைகளில்தான் குஞ்சு பொரிக்கிறது.

இடாஹோ_மருதன்:
ஃபெரெட்டை விட்டிருக்கும் கொனாட்டா பேசின் மாதிரி இடத்தில் யாரும் சுடச் சொல்லவில்லை அம்மா. இது தனியார் மேய்ச்சல் நிலம். புல் போனால் அந்தப் பெரியவர் மாட்டை எங்கே மேய்ப்பார்? ஊரில் காட்டுப்பன்றி கடலைக் கொல்லைக்குள் புகுந்தால் விவசாயி படும் பாட்டை நாம் பார்த்ததில்லையா?

கடல்_கடந்தவள்:
பார்த்திருக்கிறேன், என் தாத்தா கொல்லையிலேயே. அவர் வயிற்றெரிச்சல் புரிந்ததால்தான் "போகாதே" என்று எழுதவில்லை. சுடுவதானால் ஈயம் இல்லாத குண்டில் சுடட்டும். உடைந்த ஈயத்தூள் உடலிலேயே தங்கும், கழுகும் பருந்தும் அதைத் தின்னும். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டு தடை. அப்புறம், ஆந்தையும் பகலில் வளை வாயில்தான் நிற்கும், பார்த்துச் சுடட்டும்.

மண்வாசம்77:
அம்மா சொல்வது நியாயம். பார்ன்ஸ் வார்மின்ட் கிரனேட் 36 கிரெயின், ஹார்னடி என்டிஎக்ஸ் 35 கிரெயின் இரண்டிலும் ஈயம் இல்லை. ஈயத்தை விட அடர்த்தி குறைந்த பொருள் என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், அதனால்தான் இவ்வளவு லேசாகச் செய்கிறார்கள். லேசானது 300 தாண்டினால் காற்றில் அலையும். 250-க்குள் என்றால் நானே அதைத்தான் போடுவேன்.

பழைய_வேட்டைக்காரன்:
அதெல்லாம் இருக்கட்டும். தம்பி எந்த விசாவில் இருக்கிறார்? ஹெச்-1பி என்றால் துப்பாக்கியைத் தொட்டதே குற்றம்.

டெக்சாஸ்_கரிசல்:
முழுதாகச் சொல்லுங்கள் ஐயா, பயந்துவிடப் போகிறார். தற்காலிக விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் தடுக்கிறது, ஆனால் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. நானே அப்படித்தான் ஆறு வருடம் இருந்தேன்.

பழைய_வேட்டைக்காரன்:
உரிமம் ஒரு நாள் காலாவதியானாலும் விலக்கு போய்விடும். அதைத்தான் யாரும் சொல்வதில்லை. கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கும் பையன் இதில் மாட்டினால் படிப்பும் வேலையும் போய்விடும், அதனால்தான் கேட்டேன்.

டெக்சாஸ்_கரிசல்:
அது உண்மை. தம்பி, உரிமத்தின் தேதியைப் பார். தெற்கு டகோட்டாவில் சுட அந்த மாநிலத்தின் வெளியூர்க்காரர் உரிமமும் தனியாக வேண்டும்.

இடாஹோ_மருதன்:
தம்பி எங்கே, அளந்தாயா?

வயோமிங்_காற்று:
மூன்று நாளாகச் சத்தம் இல்லை.

கொலராடோ_புதியவன்:
வேலை அதிகம், மன்னிக்கவும். அளந்தேன், 14 தான். கடையில் 50 கிரெயின் வி-மேக்ஸ் இரண்டு டப்பா, 35 கிரெயின் ஈயம் இல்லாதது ஒரு டப்பா வாங்கினேன். 50 கிரெயின் 100 யார்டில் ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள், ஓட்டை எல்லாம் வட்டம். 300-இல் எட்டில் ஆறு பட்டது. உரிமம் மார்ச் வரை இருக்கிறது, தெற்கு டகோட்டாவுடையதும் வாங்கிவிட்டேன். மீதித் தோட்டாவை நண்பரிடம் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி, நாளை விடிகாலை கிளம்புகிறேன்.

ஒஹாயோ_நெய்தல்:
சந்தோஷம். பேரலைத் துடைத்தீர்களா?