காடியில சப்வூஃபர் வயரிங்: உங்களுக்கு நடந்தத இங்க எழுதுங்க

வீரா 1.5

வணக்கம். இது நடந்து 9 வருஷம் ஆச்சு, இன்னிக்கும் காடிக்குள்ள பிளாஸ்டிக் கருகுற வாடை லேசா வந்தாலே எனக்கு நெஞ்சு அடைச்சிக்கும். சுங்கை சிப்புட்லதான் இருந்தோம் அப்ப, அப்பா தோட்டத்து வேலைய விட்டுட்டு டவுன்ல வீடு எடுத்த புதுசு. என்கிட்ட பழைய வீரா காடி. 12 இஞ்ச் சப் (பாஸ் ஸ்பீக்கர்) ஒன்னு, அதுக்கு சத்தத்த பெருக்கிக் குடுக்கற மோனோ ஆம்ப், 8 கேஜ் வயர் (கேஜ் நம்பர் கொறையக் கொறைய வயரு தடிக்கும்), கூலியோட சேத்து 800 வெள்ளி. போட்டுக் குடுத்தவரு கார்பெட்ட தூக்கி வயரெல்லாம் மறைச்சி அவ்வளவு சுத்தமா செஞ்சிருந்தாரு. ஃபியூஸ் எங்கண்ணேன்னு கேட்டேன். "ஆம்ப் பக்கத்துலயே வச்சிருக்கேன் தம்பி, பின்னால பூட்ட (டிக்கிய) தொறந்தா கைக்கு எட்டும்"னாரு. நல்லதுதானேன்னு விட்டுட்டேன்.

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்ன அம்மாவையும் தங்கச்சியையும் ஏத்திக்கிட்டு கோலகங்சாருக்கு துணி எடுக்கப் போறேன். பாட்டு கூட போடல. அம்மா முன் சீட்ல செருப்ப கழட்டிட்டு உக்காந்திருந்தாங்க. திடீர்னு "தம்பி, காலு சுடுதுடா"ன்னாங்க. ஏர்கோன் இல்லாம வெயில்ல சூடாயிருக்கும்னு நெனச்சேன். ரெண்டாவது தடவ சொல்லும்போது குரலே மாறிடுச்சி, கீழ பாத்தா கால்மிதிக்கு அடியில இருந்து புகை. ஓரம் கட்டி அவங்கள எறக்கி போனட்ட தொறந்தா பேட்டரில இருந்து போற செவப்பு வயரு மேல தோலே இல்ல, உருகி ஒழுகிக்கிட்டு இருக்கு. டெர்மினல கழட்ட 10 நம்பர் ஸ்பேனர் வேணும், என்கிட்ட இல்ல. பின்னால செம்பனைக் குலை ஏத்திக்கிட்டு வந்த லோரி அண்ணன் ஒருத்தரு நிறுத்தி, கேள்வியே கேக்காம ஸ்பேனரோட எறங்கி ஓடி வந்து கழட்டுனாரு. அவரு பேரு கூட கேக்காம விட்டுட்டேன்.

எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகரத்துல ஓட்ட போட்டு வயர விட்டவரு ரப்பர் வளையம் போடல. தகரத்து விளிம்பு நாலு மாசமா வயர அறுத்து அறுத்து செம்பு பாடில பட்டுடுச்சி. பேட்டரிக்கும் அந்த எடத்துக்கும் நடுவுல ஃபியூஸே கிடையாது. பூட்ல இருந்த ஃபியூஸ் கழட்டிப் பாத்தேன், புதுசு மாதிரி அப்படியே இருக்கு. அம்மா பாதத்துல 50 சென் காசு அளவுக்கு கொப்பளம்.

தீம்பார் தம்பி

அண்ணே படிக்கும்போதே கை நடுங்குது. எனக்கு நடந்தது இவ்வளவு பெருசு இல்ல ஆனா மனச விட்டு போகல. என் கஞ்சில் காடில ஆம்ப் போட்டதுல இருந்து ஒரு சத்தம், எண்ணெய (ஆக்சிலேட்டர) மிதிச்சா "ஙீ…"ன்னு ஏறும், விட்டா எறங்கும். ரேடியோல இருந்து ஆம்ப்புக்கு பாட்டு கொண்டு போற ஆர்சிஏ வயர ரெண்டு தடவ மாத்தினேன், ஃபில்டர் ஒன்னு 45 வெள்ளிக்கு வாங்கி மாட்டினேன், போகவே இல்ல, சரி இருந்துட்டு போகட்டும்னு விட்டுட்டேன்.

எங்க பாட்டிய ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு மாசம் ஒருக்கா நான்தான் கூட்டிட்டு போவேன். அவங்களுக்கு முருகன் பாட்டுன்னா உசுரு. அவங்க நல்லா கேக்கணும்னுதான் ஸ்பீக்கரே மாத்தினேன். ஒரு நாள் பாதி வழியில கண்ண மூடிக்கிட்டே "சாமி, கொசு மாதிரி என்னமோ காதுல கத்துது, அத நிறுத்திடேன்"னாங்க. நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் என் காடில அவங்க பாட்டு கேக்கல, ரெண்டு மாசத்துல போய்ட்டாங்க.

கருமாதி முடிஞ்சி ஒரு வாரம் கழிச்சி பூட்ட பிரிச்சேன். ஆம்ப்போட கறுப்பு வயர சீட்டு போல்ட்டுல மாட்டியிருந்தாங்க, அடியில பெயிண்ட் அப்படியே இருக்கு, தகரத்துல சரியா படவே இல்ல. உப்புத்தாள் வச்சி வெள்ளையா தகரம் தெரியற வரைக்கும் தேச்சேன், இறுக்கி மாட்டினேன். சத்தம் போச்சு. மொத்தம் அஞ்சு நிமிஷ வேல.

பாஸ் ராஜா

வீரா அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க, 8 கேஜ் போட்டதுதான் பிரச்சன. மெல்லிசு வயரு சூடாகத்தான் செய்யும். நான் 0 கேஜ் இழுத்திருக்கேன், தனியா ஃபியூஸ் எதுவும் இல்ல, ஆம்ப்லயே மூனு ஃபியூஸ் இருக்கே அது போதும். என் கதை என்னன்னா பீடோர்ல இருந்து உள்ள தோட்டத்துக்கு போற ரோட்ல ராத்திரி, ரெண்டு பக்கமும் செம்பனை, பாட்டு நல்லா போய்க்கிட்டு இருக்கு, ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட்டு மங்கி மங்கி எரியுது, அந்த மங்கலுக்கு நடுவுல நடு ரோட்ல ஒரு மாடு. எப்படி பிரேக் அடிச்சேன்னே தெரியல. அதோட மூக்குல இருந்து வர்ற ஆவி என் லைட்டுல தெரிஞ்சிச்சி, அவ்வளவு கிட்ட. மறுநாளே தடிச்ச வயருக்கு மாத்திட்டேன்.

ரிட்டையர் வயர்மேன்

தம்பி ராஜா, நீங்க சொல்றது ஆபத்து, அதனால நேரா சொல்லிடறேன். வீரா தம்பிக்கு வயரு மெல்லிசா இருந்ததால எரியல, பாட்டே போடலன்னு எழுதியிருக்காரு பாருங்க. அது ஷார்ட். ஷார்ட் ஆனா பேட்டரி நூத்துக்கணக்குல ஆம்பியர் தள்ளும், உங்க 0 கேஜ் இன்னும் அதிகமா கொண்டு போகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆம்ப்ல இருக்கற ஃபியூஸ் ஆம்ப காப்பாத்தும். வயர காப்பாத்தறது பேட்டரி பக்கத்துல இருக்கறது மட்டும்தான். 18 இஞ்சுக்குள்ள இருக்கணும், எவ்வளவு கிட்ட வைக்கறீங்களோ அவ்வளவு நல்லது.

என் கதை ரொம்ப இல்ல, தோட்டத்து லயத்துக்கு எதிர் வீட்டு பையன் ஒருத்தன் ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு சிகரெட் டப்பா வெள்ளித்தாள சுத்தி வச்சிருந்தான், நான் புடுங்கி எறிஞ்சேன், ஒரு வருஷம் என்கிட்ட பேசல.

இப்ப செய்யப் போறவங்களுக்கு சொல்றேன். மொதல்ல பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டுத்தான் எதையும் தொடணும். ஃபியூஸ் அளவ வயருக்கு பாத்து போடணும், நல்ல செம்புன்னா 8 கேஜுக்கு 50, 60 ஆம்பியர், 4 கேஜுக்கு 100. கடையில மலிவா குடுக்கற கிட் நெறைய அலுமினியத்து மேல செம்பு பூசினது, கத்தியால சுரண்டுனா உள்ள வெள்ளையா தெரியும், அதுக்கு இன்னும் கொறைக்கணும். பவர் வயர ஒரு பக்கமும் ஆர்சிஏவ மறு பக்கமும் இழுங்க. எர்த் வயரு (ஆம்ப்ல இருந்து பாடிக்கு போற கறுப்பு வயரு) பவர் வயரு தடிமன்லயே இருக்கணும், நீளம் ஒன்றரை அடிக்கு மேல வேணாம். லைட்டு மங்கறது ஆல்டர்னேட்டரால ஈடு குடுக்க முடியாததால, தடிச்ச வயரு கரண்ட உண்டாக்காது ராஜா. பேட்டரில இருந்து பாடிக்கு போற எர்த்தயும் ஆல்டர்னேட்டர் வயரையும் மொதல்ல பாருங்க. அப்புறம் ஆம்ப்ல இருக்கற கெய்ன் திருகு. அது வோலியம் இல்ல, நெறைய பேரு அத முழுசா திருப்பி வச்சிருக்காங்க, சத்தம் ஒடஞ்சி வந்து ஸ்பீக்கர் உள்ள இருக்கற கம்பிச்சுருள், அதான் கோயில் (coil), கருகறதே அதனாலதான். ஸ்பீக்கர் வயர கழட்டிட்டு, ரேடியோவ முக்கால் வோலியத்துல வச்சி 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட விட்டு மீட்டர ஏசில வச்சி பாருங்க. ஆம்ப்போட வாட்ஸயும் சப்போட ஓம்ஸயும் (கரண்ட தடுக்கற அளவு) பெருக்கி ஸ்குவேர் ரூட் எடுத்தா எவ்வளவு வோல்ட் வரணும்னு தெரியும். 300 வாட்ஸ், 4 ஓம்னா 34 வோல்ட்டு சொச்சம். அங்க நிறுத்திடுங்க.

பாஸ் ராஜா

ஐயா 3 வருஷமா ஓட்டறேன் ஒன்னும் ஆகல லா.

வீரா 1.5

எனக்கும் நாலு மாசம் ஒன்னும் ஆகலப்பா.

பாஹாவ் அக்கா

நான் பொம்பளன்னு யாரும் ஆச்சரியப்பட வேணாம், என் மைவிக்கு நானேதான் வயரிங் போட்டேன். சப்ல ரெண்டு கோயில், ஒவ்வொன்னும் 4 ஓம். பேரலல்ல (பக்கம் பக்கமா) போட்டா 2 ஓம், சீரிஸ்ல (ஒன்னுக்குப் பின்னால ஒன்னா) போட்டா 8. என் மோனோ ஆம்ப் 2 தாங்கும், அதனால பேரலல். எல்லாம் முடிச்சி ஓட விட்டா பாஸே இல்ல. ஆம்ப் பச்ச லைட்டு எரியுது, சப்போட கோன் (முன்னால அசையற தட்டு) அசையவே இல்ல, கொஞ்ச நேரத்துல சப் பக்கம் சூடு வேற.

தம்பிய கூட்டிக்கிட்டு கடைக்கு போனேன். கேள்வி கேட்டது நான், அந்த ஆளு பதில் சொன்னது முழுக்க என் தம்பிகிட்ட. அவனுக்கு ஓம்னா என்னன்னே தெரியாது, பாவம் தலைய ஆட்டிக்கிட்டு நிக்கறான். சப் போச்சு, புதுசு 250ன்னு அவன்கிட்டயே சொன்னாரு. நான் ஒன்னும் பேசாம சப்ப தூக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுல ஸ்மோக் அலாரத்துல இருந்த 9 வோல்ட் பேட்டரிய கழட்டி ஒவ்வொரு கோயிலுக்கா தொட்டேன். மொத கோயில், பிளஸ்ல பிளஸ், கோன் "டப்"புன்னு வெளிய வந்துச்சி. ரெண்டாவது, அதே மாதிரி தொட்டேன், "டப்"புன்னு உள்ள போச்சு. அந்த பக்கம் மட்டும் டெர்மினல்ல செவப்பு கறுப்பு மாத்தி வந்திருக்கு. ஒரு கோயில் வெளிய தள்ளுது, இன்னொன்னு உள்ள இழுக்குது, எப்படி அசையும்? மாத்தி மாட்டுனதும் சமையக்கட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சி. தம்பி ஓடி வந்து "எப்படிக்கா?"ன்னான். அந்த கடைக்காரர் மொகத்துக்கு நேரா காட்டணும்னு இன்னிக்கு வரைக்கும் ஆசை, போகல.

தீம்பார் தம்பி, உங்க பாட்டி கதை படிச்சி அழுதுட்டேன் பா.

மூனாம் டிவிஷன்

எல்லாம் சரி, ராத்திரி 11 மணிக்கு லயத்து முன்னால காடிய நிறுத்தி ஆட்ட விடறவங்களும் இத படிக்கறீங்கன்னு நெனைக்கறேன். என் மக பொறந்து 12 நாள், அந்த அதிர்ச்சில தொட்டிலோட சங்கிலி கிலுகிலுன்னு ஆடுச்சி, புள்ள வீல்னு கத்திட்டா. காலையில 5 மணிக்கு மஸ்டருக்கு (வேலைக்கு முன்ன பேரு கூப்புடறதுக்கு) போறவங்க இருக்கற எடம் அது. போய் சொன்னேன், கொறைச்சான், நல்ல பையன்தான். நம்ம காதுக்கு கேக்காட்டியும் அந்த பாஸ் பலகைச் சுவரு தாண்டி வரும் தம்பிங்களா.

பாஸ் ராஜா

ஐயா, நேத்து சாயங்காலம் போனட்ட தொறந்து தகரத்து ஓட்டைய டார்ச் அடிச்சி பாத்தேன். ரப்பர் இருக்கு ஆனா கிழிஞ்சி ஒரு பக்கம் வெளிய வந்துடுச்சி, வயரு தோல் மேல கோடு விழுந்திருக்கு. பேட்டரிய கழட்டி வச்சிட்டேன். 0 கேஜுக்கு எத்தன ஆம்பியர் ஃபியூஸ் போடணும்?

ரிட்டையர் வயர்மேன்

உங்க ஆம்ப்ல இருக்கற மூனு ஃபியூஸையும் கூட்டுங்க. என்ன வருதோ அதுக்கு பக்கத்துல போடுங்க, 0 கேஜு அத தாராளமா தாங்கும். கோடு விழுந்த எடத்த டேப் சுத்தி ஒப்பேத்தாதீங்க, வெட்டிட்டு புதுசு இழுங்க.

தீம்பார் தம்பி

வீரா அண்ணே, அதுக்கப்புறம் நீங்க சப் போடவே இல்லையா?

வீரா 1.5

போட்டேன் தம்பி, மூனு வருஷம் கழிச்சி, வேற காடில. பேட்டரில இருந்து ஒரு சாண் தூரத்துல ஃபியூஸ், ஓட்டையில ரப்பர், அதுக்கு மேல டியூப், எல்லாம் நானே பக்கத்துல நின்னு பாத்துத்தான். டேஷ்போர்டுல 10 நம்பர் ஸ்பேனர் ஒன்னு எப்பவும் கெடக்கும். அம்மாவுக்கு கொப்பளம் அப்பவே ஆறிடுச்சி. ஆனா இன்னிக்கும் முன் சீட்ல உக்காந்தா செருப்ப கழட்ட மாட்டாங்க.