லெப்டொப் மேலேயே படுக்கிற பூனை, இரவில் வேலை செய்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தலவாக்கலைத் தங்கச்சி:
எல்லோருக்கும் வணக்கம். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கணக்குப் பதிகிற வேலை, சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது இஸ்தோப்பு (முன் திண்ணை) பக்கத்து ஜன்னலோரம் மட்டும்தான், அதனால் மேசையை அங்கேயே போட்டுவிட்டேன். இரவு ஏழு மணிக்கு உட்கார்ந்தால் முடிக்கப் பதினொன்றாகிவிடும். எங்கள் மின்னி (ஒன்றரை வயதுப் பெட்டை) சரியாக அந்த நேரத்தில் வந்து கீபோர்ட் மேல் ஏறிப் படுக்கிறது. இறக்கிவிட்டால் இரண்டு நிமிடத்தில் திரும்ப ஏறும். போன வாரம் நான் தேத்தண்ணி ஊற்றப் போன இடைவெளியில் அது நடந்த நடையில் ஒரு மணி நேரம் பதிந்த வரிசைகள் அழிந்துவிட்டன. அதற்கு முதல் நாள், மேலாளருக்குப் பாதி எழுதி வைத்திருந்த மெசேஜ் அப்படியே அவருக்குப் போய்விட்டது.

அம்மா மின்னியை ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) பக்கம் கொண்டுபோய் விடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை, கவ்வாத்து வெட்டிய (கிளை கழித்த) தேயிலை மலையில் குட்டியாகக் கிடந்ததை அப்பா கம்பளிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. இன்னொன்று, அமைதியாக இருக்கட்டும் என்று போனில் குருவி வீடியோ போட்டுக் காட்டிப் பழக்கிவிட்டேன். இப்போது வீடியோ முடிந்ததும் போனைப் புரட்டிப் பின்பக்கம் தேடுகிறது, கத்துகிறது, விடியற்காலை நாலரைக்கு வந்து முகத்தில் தட்டுகிறது. கதவைச் சாத்தி வெளியில் விடுவதுதான் வழியா? இந்தக் குளிரில்?

நுவரெலியா அக்கா:
வெளியில் விடாதே தங்கச்சி. தை மாதத்தில் இங்கே புல்லில் உறைபனி விழுகிற நாளும் உண்டு. பூனையின் உடம்புச் சூடு 38, 39 பாகை, சுற்றிலும் 30 பாகைக்கு மேல் இருந்தால்தான் அதற்குச் சுகம். நம் வீடுகளில் அந்தச் சூடு இருப்பது அடுப்படியிலும் உன் லெப்டொப்பிலும்தான், அடுப்போ இரவில் அணைந்துவிடுகிறது. பாவம், வேறு எங்கே போகும்?

பால்மா வருகிற அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து மேசை மேலேயே, லெப்டொப்புக்குப் பக்கத்தில் வை. தரையில் வைத்தால் திரும்பியும் பார்க்காது, எனக்கு அனுபவம். உள்ளே பழைய ஸ்வெட்டர், அதற்கடியில் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வை. கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை தாங்குகிற சூடு போதும். அது லெப்டொப்பில் ஏறும்போதெல்லாம் அதட்டாமல், கொஞ்சாமல், தூக்கிப் பெட்டியில் வை. என்னுடையது மூன்று நாள் அடம்பிடித்தது, நாலாம் நாள் தானாகப் போய்ப் படுத்துக்கொண்டது. அப்புறம் லெப்டொப்பின் காற்றுப் போகிற ஓட்டைகளையும் பார், என்னுடையதைத் திறந்தபோது விசிறி முழுக்க முடி. அடிக்கடி சூடாகி நின்றதற்குக் காரணம் அதுதான்.

ஹட்டன் வாத்தியார்:
2020, 2021இல் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறினார்கள், நான் வீட்டிலிருந்து பாடம் எடுத்தேன், நடுவில் எங்கள் பூனை வந்து வகுப்பையே துண்டித்துவிடும். அப்போது பழகியது இது: கதிரையிலிருந்து எழும்பும் முன்னே கண்ட்ரோலும் எஸ்ஸும், பிறகு விண்டோஸ் பட்டனும் எல்லும். திரை பூட்டிவிடும், பூனை நடந்தாலும் கவலையில்லை. அழிந்த வரிசைகள்கூட, பைலை மூடாமல் இருந்தால் கண்ட்ரோல் இசட்டில் திரும்ப வரும். போனையும் பூட்டித்தான் வைக்க வேண்டும் மகள். தொடுதிரை விரலை உணர்வது போலவே பூனையின் பாத மெத்தையையும் உணரும்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் வயர்தான். நம் கரண்ட் 230 வோல்ட், பழைய லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வயரிங் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். பல் விழுந்து முளைக்கிற பருவத்தில், அதாவது ஆறு மாதம் வரைக்கும் குட்டிகள் எதையும் கடிக்கும், சிலதுக்கு வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. வேலை முடிந்ததும் சார்ஜரைக் கழற்றி லாச்சியில் போடு. கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார், விழவில்லை என்றால் உடனே ஆளைக் கூப்பிடு. இயர்போன் வயரைக் கடித்து விழுங்கி, வாயிலோ பின்பக்கமோ நுனி தெரிந்தால் தயவுசெய்து இழுக்காதே. குடலை அறுத்துவிடும். நேரே மிருக வைத்தியரிடம் கொண்டுபோ.

அப்புத்தளை:
அக்கா சொன்ன பெட்டி சரிதான், ஆனால் அது மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. குருவி வீடியோவை முதலில் நிறுத்து. பதுங்கி, பாய்ந்து, பிடித்து, கடித்தால்தான் பூனைக்கு வேட்டை முடியும், திரையில் பிடிக்க ஒன்றுமே இல்லை, அதனால்தான் போனுக்குப் பின்னால் போய்த் தேடுகிறது. பூனைகளுக்குத் துடிப்பு ஏறுவதே அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும்தான். நீ ஏழு மணிக்கு உட்காரும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, கயிற்றில் கோழி இறகைக் கட்டி இழுத்து விளையாடு, கடைசியில் அது பிடிக்க விடு, கயிற்றை மறக்காமல் எடுத்து வை, உடனே சாப்பாடு கொடு. தின்றதும் நக்கிக்கொண்டு தூங்கிவிடும். நாலரைக்குத் தட்டினால் எழும்பாதே, போனையும் எடுக்காதே. முதல் சில நாள் இன்னும் கூடக் கத்தும், பொறுத்துக்கொள்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. நானும் படுக்கையில் நடுச்சாமம் வரை போனைத் தள்ளிக்கொண்டிருந்தவள், எங்கள் கறுப்பி வந்து போன் பிடித்த கையைக் கடித்துவிட்டுப் போகும். ஒருமுறை டேட்டா முடிந்து மூன்று நாள் ரீலோட் போடக் காசில்லை. அந்த மூன்று இரவும் அது கடிக்கவேயில்லை, கையில் தலையை வைத்துத் தூங்கியது. அதற்குப் பிறகு ஒன்பது மணிக்கு மேல் போன் அலுமாரிக்குள்தான்.

தலவாக்கலைத் தங்கச்சி:
பத்து நாள் ஆகிறது. பெட்டி வைத்தேன், ஆறாம் நாள்தான் போய்ப் படுத்தது. வீடியோ நிறுத்தியது அதைவிடக் கஷ்டமாக இருந்தது, இரண்டு நாள் போனைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது, பார்க்கவே முடியவில்லை. இப்போது இறகைக் கண்டால் போன் ஞாபகம் வருவதில்லை. நாலரைக்கு இன்னும் எழும்புகிறது, ஆனால் அம்மா அந்த நேரத்தில் ரொட்டி சுட எழும்புவதால் அடுப்படிக்குப் போய்விடுகிறது. நேற்று அம்மாவே கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற தன் பழைய படங்கை மடித்துப் பெட்டிக்குள் போட்டார். அக்கா, ஒரு கேள்வி: போத்தல் பத்து மணிக்கே ஆறிவிடுகிறது, என்ன செய்வது?

நுவரெலியா அக்கா:
போத்தலை இரண்டு கம்பளிக் காலுறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வை, பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து விடு. பன்னிரண்டு வரைக்கும் தாங்கும்.