‘மிரர்’ — இறகுப் பொட்டு?

வணக்கம்.

கடற்காகப் (gull) பறவைகளுக்கான தமிழ்ச் சொற்பட்டியலில், சிறகுநுனியின் வெள்ளைத் திட்டைக் குறிக்கும் ‘மிரர்’ (mirror) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடு இன்னும் முடிவாகவில்லை. ‘கண்ணாடி’ வேண்டாம் என்பது என் கருத்து. வாத்துச் சிறகில் மினுங்கும் பட்டையைக் குறிக்கும் ‘ஸ்பெக்குலம்’ என்ற லத்தீன் சொல்லுக்கும் கண்ணாடி என்றே பொருள். இரண்டும் மோதும்.

மிரர் என்பது வெளி முதன்மை இறகின் (சிறகுநுனியை ஆக்கும் நீண்ட இறகின்) கருநுனிக்குச் சற்று உள்ளே, கருமை சூழ்ந்திருக்கும் வெள்ளைத் திட்டு. இறகின் கடைக்கோடி வெள்ளை வேறு. மெலனின் என்ற கருநிறமி இல்லாத பகுதி சீக்கிரம் தேய்வதால் கடைக்கோடி வெள்ளை காணாமல் போய்விடும், உள்திட்டு நிற்கும். ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும்: ‘இறகுப் பொட்டு’, ‘நுனி வெள்ளை’.

சிங்கப்பூருக்குக் கடற்காகம் வருவதே அரிது. குளிர்காலத்தில் வந்தால், பழுப்புத்தலைக் கடற்காகமா கருந்தலைக் கடற்காகமா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் தலை வெளுத்து, காதருகே ஒரு கறை மட்டும் இருக்கும். (கருந்தலையின் கோடைக்காலத் தலையும் உண்மையில் பழுப்புதான்!) பறக்கும்போது சிறகுநுனியைப் பாருங்கள். வளர்ந்த பழுப்புத்தலைக்கு அகன்ற கருநுனி, அதில் கடைசி இரு இறகுகளில் பொட்டு. கருந்தலைக்குப் பொட்டே கிடையாது. சிறகின் முன்விளிம்பில் நீண்ட வெள்ளை ஆப்பு, பின்னோரமாக மெல்லிய கருங்கரை.

—

ஐயா, ‘பொட்டு’ பொருத்தம். ஆனால் வரையறையில் ‘வளர்ந்த பறவையில்’ என்று சேர்க்க வேண்டும். முதல் குளிர்காலப் பழுப்புத்தலைக்குப் பொட்டு இராது. கண்ணும் வளர்ந்ததைப் போல வெளிறியிராமல் கருமையாகவே இருக்கும். பொட்டும் இல்லை, கண்ணும் கருமை என்று அதைக் கருந்தலையாக எழுதிவிடுவார்கள். அந்த வயதில் வெளி இறகுகள் பெரும்பாலும் கருப்பா (பழுப்புத்தலை), வெள்ளை ஓடுகிறதா (கருந்தலை) என்பதே கேள்வி. பழுப்புத்தலையின் தடித்த அலகும் பெரிய உடலும் துணைச் சான்றுகள்தாம். தனியே நிற்கும் பறவையில் அளவை நம்பக் கூடாது.

—

இருவருக்கும் நன்றி. ‘வெள்ளை ஆப்பு’ என்பதையும் பட்டியலில் ஏற்றலாம். விளக்கப் படத்துக்கு ஒரு குறிப்பு: நடுப்பகல் வெயிலில் எடுத்தால் வெள்ளை மிகையொளியில் விவரமிழந்து, பொட்டின் ஓரம் கரைந்துவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியை) மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒளியளவின் படி) குறைத்து, 1/2000 நொடியில் தொடர்ச்சியாக எடுங்கள். சிறகு முழுதாக விரிந்த படம் ஒன்றாவது தேறும். உட்கார்ந்த பறவையின் படம் வேண்டாம். மடித்த சிறகில் பொட்டு மறைந்துகொள்ளும்.